ட்ரையம்பா, எம்.ஜி.யா? கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு தீர்ப்பு

சித்திரை விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நண்பர் ஒருவரின் மகன், மாவனல்லையில் என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து ஒரு கேள்வி கேட்டார். கொழும்பில் பொறியியலாளராகப் பணியாற்றும் அவருக்குப் பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கும் ஆசை நெடுநாளாக உண்டு. இப்போது இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றனவாம். ஒன்று 1963ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. மற்றையது அதே காலத்து ட்ரையம்ப் டி.ஆர்.4. "அங்கிள், நீங்க ரெண்டையும் ஓடிப் பார்த்தவர். எதை எடுக்கிறது?" என்றார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு நேரான கேள்விக்கு நேரான பதில் சொல்லுவது எளிதில் வராத காரியம். ஆயினும் இம்முறை பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கும் இந்த மழைக்கும் இந்த மலைக்கும் என் தெரிவு ட்ரையம்ப்தான். ஆனால் அந்தப் பதில் முழுப் பதில் அன்று. மீதிப் பதிலுக்காகவே இதை எழுதுகின்றேன்.

முதலில் இரண்டின் குலத்தையும் சற்றுப் பார்ப்போம். எம்.ஜி. என்ற இரண்டெழுத்து, ஒக்ஸ்போர்ட் நகரில் வில்லியம் மொறிஸ் நடத்திய 'மொறிஸ் கராஜஸ்' என்ற விற்பனை நிலையத்தின் சுருக்கப் பெயர். அங்கு முகாமையாளராயிருந்த செசில் கிம்பர், சாதாரண மொறிஸ் கார்களுக்கு அழகிய உடல் கட்டி விற்கத் தொடங்கியதில் பிறந்தது அந்தக் குலம். 1929 முதல் அபிங்டன் என்ற சிற்றூரில் அதன் தொழிற்சாலை இயங்கியது. ட்ரையம்ப் கொவென்றி நகரத்தது. சைக்கிளில் தொடங்கி, மோட்டார் சைக்கிளுக்கு வந்து, காருக்கு ஏறிய நிறுவனம் அது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் அதனை ஸ்டாண்டர்ட் கார் நிறுவனம் வாங்கிக்கொண்டது. நம்மவர்க்கு ஸ்டாண்டர்ட் என்ற பெயர் புதிதன்று. வன்கார்ட் என்ற கூன்முதுகுக் கார் ஐம்பதுகளில் இலங்கை வீதிகளில் ஓடியது. சென்னையிலும் அதே பெயரில் ஒரு தொழிற்சாலை அமைந்து, அறுபதுகளில் ட்ரையம்ப் ஹெரால்ட் கார்களைப் பூட்டி விற்றது.

டி.ஆர்.4 1961இல் வந்தது. எம்.ஜி.பி. 1962இல் வந்தது. இரண்டும் இருவர் அமரும் திறந்த வண்டிகள். இரண்டுக்கும் முன் சில்லுகளில் டிஸ்க் பிறேக். இரண்டும் மணிக்கு நூறு மைல் வேகத்தைச் சிறிது தாண்டக்கூடியவை. டி.ஆர்.4இன் எஞ்சின் 2138 சீசீ, 100 குதிரைவலு. எம்.ஜி.பி.யினது 1798 சீசீ, 95 குதிரைவலு. கடதாசியில் பார்த்தால் ஐந்து குதிரைகளே வித்தியாசம். வீதியில் வித்தியாசம் அதனினும் பெரிது. ஏனெனில் ட்ரையம்பின் பெரிய எஞ்சின் தாழ்ந்த சுழற்சியிலேயே கனமாக இழுக்கும். எம்.ஜி.யை அப்படி இழுக்க வைக்க வேண்டுமாயின் கியரைச் சற்று அடிக்கடி மாற்றவேண்டியிருக்கும்.

அந்த இழுவை எங்கிருந்து வந்தது என்பதே சுவையான செய்தி. ட்ரையம்பின் எஞ்சின் பந்தயத் திடலில் பிறந்ததன்று. வன்கார்ட் காருக்காகவும், கொவென்றியில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் செய்துகொடுத்த பேர்குசன் உழவு இயந்திரத்துக்காகவும் வகுக்கப்பட்ட எஞ்சின் குடும்பத்தின் பிள்ளை அது. எம்.ஜி.பி.யின் எஞ்சினும் உயர்குடிப் பிறப்பன்று. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகிய குடும்பக் கார்களில் இருந்த 'பி' வரிசை எஞ்சினின் வளர்ந்த வடிவம் அது. இந்தியாவின் அம்பாசடர் காரில் பல்லாண்டு உழைத்த 1489 சீசீ எஞ்சின் அதன் உடன்பிறப்பு. ஆக, துரைமார் தொப்பியணிந்து ஓட்டிய இவ்விரு கார்களில் ஒன்றன் நெஞ்சுக்குள் உழவு இயந்திரமும் மற்றதன் நெஞ்சுக்குள் வாடகைக் காரும் இருந்தன. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. அறுபது ஆண்டு கடந்தும் இவை ஓடுவதற்கு இதுவே காரணம். எளிய உழைப்புக்கென்று செய்யப்பட்ட பொருள் நீடித்து வாழும்.

இனி மலைக்கு வருவோம். மாவனல்லையில் மகா ஓயாவைக் கடக்கும் பழைய வளைவுப் பாலத்தை விட்டுக் கண்டிப் பக்கம் சென்றால், உத்துவன்கந்தைக் குன்று கண்ணிற் படும். 1864இல் தூக்கிலிடப்பட்ட சரதியலும் அவன் தோழன் மம்மலி மரிக்காரும் ஒளிந்து வாழ்ந்த குன்று. அதற்கப்பால் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகிறது. 1820களில் பொறியியலாளர் டோசனின் மேற்பார்வையில் வெட்டப்பட்ட வீதி. ஏற்றத்தின் உச்சியில் அவருக்கு ஒரு நினைவுக் கோபுரம் நிற்கிறது. வெட்டிய கூலிகளுக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த ஏற்றத்தின் கூரிய வளைவுகளில், முன்னே பாரமேற்றிய லொறி ஊர்ந்துகொண்டிருக்கும்போது, முதலாம் கியருக்கு இறங்காமல் தப்ப முடியாது. டி.ஆர்.4இன் கியர்ப்பெட்டியில் முன்னோக்கிச் செல்லும் நான்கு கியர்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதே உறுத்தலின்றி விழும் வகையைச் சேர்ந்தவை. எம்.ஜி.பி.யில் 1967 வரை முதலாம் கியருக்கு அந்த வசதி இருக்கவில்லை. கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சினைச் சற்று முறுக்கி, சரியான கணத்தில் தள்ளவேண்டும். கைவந்தவர்க்கு அது ஓர் இன்பம். கைவராதவர் ஓட்டும்போது பற்சக்கரம் நறநறக்கும் ஒலி பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். நண்பரின் மகன் பார்த்த வண்டி 1963ஆம் ஆண்டினது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அடுத்தது மழை. சப்ரகமுவ ஈரவலய நாடு. இரண்டு பருவமழைகளும் இங்கு கணக்குத் தீர்க்கும். எம்.ஜி.பி.க்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடலும் சட்டமும் ஒரே கூடு. 1962இல் அது புதுமை; அதனாலேயே வண்டி இறுக்கமாகவும் வசதியாகவும் அமைந்தது. ஆனால் கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் அந்தக் கூட்டின் முதுகெலும்பு. அதனுள் நீர் தேங்கி உட்புறமாகத் துருப்பிடித்தால், வெளியே வர்ணம் பளபளத்துக்கொண்டிருக்க, வண்டி நடுவில் மடியத் தொடங்கும். வாங்கப் போகிறவர்க்கு ஒரு சோதனை சொல்லுவேன். வண்டியை ஜக் வைத்து உயர்த்தும்போது கதவின் இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி ஒடுங்கினால், கதவு திறக்க மறுத்தால், பேசாமல் வீடு திரும்புங்கள்.

டி.ஆர்.4 பழைய முறைப்படி கனத்த அடிச்சட்டத்தின் மேல் உடலைப் பூட்டிய வண்டி. குன்றுங்குழியுமான வீதியில் அந்த உடல் நடுங்கும், முன் கண்ணாடிச் சட்டம் ஆடும், பின்னச்சு குதிக்கும். சுகமான சவாரி என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் உடல் துருப்பிடித்தாலும் சட்டம் பெரும்பாலும் தாங்கி நிற்கும். ஆணிகளைக் கழற்றி உடலைத் தூக்கி வைத்துவிட்டு, இரண்டையும் வேறுவேறாகத் திருத்தலாம். ஒட்டு வேலையும் தட்டு வேலையும் தெரிந்த ஊர்க் கராஜுக்கு இது செய்யக்கூடிய காரியம். எம்.ஜி.பி.யின் கூட்டைக் கோணலின்றி மீட்டெடுக்கத் தனிச் சாதனமும் தனிப் பயிற்சியும் வேண்டும்.

எம்.ஜி.யின் பக்க நியாயத்தையும் சொல்லாவிட்டால் தர்மமாகாது. திறந்தது, மூடியது இரண்டையும் சேர்த்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி.கள் செய்யப்பட்டன. டி.ஆர்.4இன் தொகை ஏறத்தாழ நாற்பதாயிரம். ஆகவே உதிரிப்பாகங்கள் எம்.ஜி.க்கே இலகுவாகக் கிடைக்கும். 1988 முதல், பழைய அச்சுகளைக் கொண்டே முழுக் கூட்டையும் புதிதாக அடித்து இங்கிலாந்தில் விற்கிறார்கள். ஓட்டுவதற்கும் அது பண்பான வண்டி. வளைவில் எப்போது வழுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். நீண்ட பயணத்தில் இடுப்பு நோகாது. கொழும்பு – காலி நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கென்றால், பவுணில் பணம் எண்ணிக் கொடுக்கும் வசதியும் இருந்தால், நானே எம்.ஜி.யைச் சொல்லியிருப்பேன்.

இந்த இடத்தில் இங்கிலாந்துச் சஞ்சிகைகளின் ஒப்பீடு முடிந்துவிடும். வேகம், விலை, அழகு, பாரம்பரியம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டிவிடுவார்கள். நம் நாட்டில் அந்தப் பட்டியலில் இன்னொரு வரி சேரவேண்டும் என்பது என் கட்சி. அது யார் கையால் இந்த வண்டி உயிரோடு இருக்கிறது என்ற வரி.

நான் பிறந்தது அரநாயக்கப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில். என் சிறுவயதில், 1965 அளவில், எங்கள் தோட்டத்துத் துரையிடம் ஒரு டி.ஆர்.4 இருந்தது. வெள்ளை நிறம். இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ. அந்த எழுத்துக்காக 1958இல் நாடே தீப்பிடித்தது என்பதை அறியும் வயது எனக்கில்லை. சனிக்கிழமை மாலையில் துரை கிளப்புக்குப் புறப்படும்போது, பெரட்டுக்களத்து மேட்டில் நாங்கள் வரிசையாக நின்று பார்ப்போம். மழையில் சேற்றில் புதைந்தால் தள்ளுவதற்கு லயத்திலிருந்து ஆட்களை அழைப்பார்கள். என் தகப்பனாரும் தள்ளியிருக்கிறார். அந்தக் காரை அவர் தொட்டது பின்புறத்தில் மட்டுமே.

ஒருமுறை அந்தக் காரின் புகைக்குழாயில் வெண்புகை கிளம்பிற்று. எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. கொழும்பிலிருந்த பெரிய வேலைத்தலம் ஒன்று, இங்கிலாந்திலிருந்து பாகம் வரச் சில மாதங்கள் ஆகும் என்று எழுதிவிட்டது. தோட்டத்துத் தொழிற்சாலையில் எஞ்சின் டிரைவராக இருந்தவர் எனக்குப் பெரியப்பா முறையானவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவர். துரை அனுமதித்ததும் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட, இது நம்ம ட்ரெக்டரு மவன்டா" என்றார். தோட்டத்துப் பேர்குசனைப் பலமுறை பிரித்துப் பூட்டியவர் அவர்.

இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் தனித்தனிக் குழல்களாக வந்து, நீர் சூழ அமர்ந்திருக்கும். அடியில் எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் மெல்லிய அடைப்புத் தகடு இருக்கும். குழல் மேற்பரப்பைவிட மயிரிழை அளவு உயர்ந்து நிற்கவேண்டும். உயரம் குறைந்தால் நீர் எண்ணெய்க்குள் இறங்கும். கூடினால் மூடி சரியாக அமராது. பெரியப்பா குழல்களை இழுத்தெடுத்து, இருக்கையைச் சுத்தம் செய்து, அடைப்பைச் செப்புத் தகட்டில் தாமே வெட்டி வைத்துப் பூட்டினார். உயரத்தை அளக்கும் கருவி அவரிடம் இருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தடவினார். மூன்றாம் நாள் கார் ஓடிற்று. துரை அவருக்குப் பத்து ரூபாயும் ஒரு போத்தல் சாராயமும் கொடுத்தார்.

1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுப்பதென்றும், மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும் முடிவாயிற்று. அந்தப் பங்கீட்டில் பெரியப்பா அக்கரைக்குப் போனார். 1972இல் றம்புக்கனையில் தலைமன்னார்ப் பயணத்துக்கு அவரை ரயிலேற்றியபோது நானும் நின்றேன். தகரப் பெட்டி ஒன்று, பாய்ச்சுருள் ஒன்று, துணியில் சுற்றிய ஸ்பானர்கள் சில. இந்த நாட்டிலே பிறந்து வளர்ந்தவர். ஒரு நாள்கூட இந்தியாவைக் கண்டவரல்லர். அதற்குச் சில ஆண்டு முன்னரே துரை சீமைக்குப் போயிருந்தார். கார் மாவனல்லை வியாபாரி ஒருவரின் கைக்கு மாறி இங்கேயே இருந்தது. கொவென்றியில் பிறந்த காருக்கு இலங்கையில் பதிவு இருந்தது. அரநாயக்கவில் பிறந்த மனிதருக்கு இருக்கவில்லை.

இது கோபத்தில் சொல்லுவதன்று. கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் ஒரு நாடு எதைக் காப்பாற்றுகிறது, எதை அனுப்பிவிடுகிறது என்பதைக் கணக்கெடுக்கும் உரிமை ஒரு பத்திரிகையாளனுக்கு உண்டு.

அதன்பின் வந்த ஆண்டுகளில் அந்தக் காரை ஓட வைத்தவர் மாவனல்லை நகரத்துக் கராஜ்கார நானா ஒருவர். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிகள் இறுகியிருந்த எழுபதுகள் அவை. உதிரிப்பாகம் என்ற சொல்லே ஊரில் பகிடியாகிவிட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. பழுதான வன்கார்ட்களிலிருந்து கழற்றியதும், கடைசலில் தாமே கடைந்ததும், ஆற்று மணலில் வார்த்ததுமாக நானா அந்த வண்டியை ஓட்டிக் காட்டினார். இளம் நிருபனாக நான் அதில் அவரோடு கடுகண்ணாவை ஏறியிருக்கிறேன். உச்சியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். "தம்பி, ரெண்டாவது காபுரேட்டர் கொஞ்சம் பசிச்சு கெடக்கு" என்பார். அதே கராஜில் ஓர் எம்.ஜி.பி.யும் இருந்தது. அதன் எஞ்சின் ஒருநாளும் சிக்கல் கொடுக்கவில்லை. கதவுக்குக் கீழே துரு தின்றதே அதன் முடிவாயிற்று. ஒரு நாள் அது உண்மையிலேயே நடுவில் மடிந்தது. நான் முதலில் சொன்ன தீர்ப்பு புத்தகத்தில் படித்ததன்று.

நம்மவர் கைத்திறனைச் சீமையே தேடிவந்த கதையும் உண்டு. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், அந்தக் காரின் தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அங்கே மறந்துபோன வேலை இங்கே கையிருப்பில் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ஐந்தாண்டு கழித்து 2025இல் மீண்டும் திறக்கப்படும் வரை நாடு ஓடியதும் இத்தகைய கைகளாலேயே. புதிய வண்டி வராத காலத்தில் பழைய வண்டியைக் காத்த பாஸ்மாரை அப்போது எல்லாரும் கும்பிட்டோம். துறைமுகத்தில் கப்பல் வந்ததும் மறந்துவிட்டோம்.

ஆகவே என் கருத்து இதுதான். நுவரெலியாவில் 1934 முதல் மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி நடந்து வருகிறது. கொழும்பில் பழைய கார் உரிமையாளர்களின் சங்கங்கள் அணிவகுப்புகள் நடத்துகின்றன. நல்ல காரியம், நான் தவறாமல் பார்க்கிறேன். அங்கே ஒவ்வொரு காரின் முன்னும் வைக்கப்படும் பலகையில் ஆண்டு, சீசீ, முதல் உரிமையாளர் பெயர் எல்லாம் இருக்கின்றன. அதனைத் திருத்தியவர் பெயரையும் எழுதுங்கள். சிங்களப் பெயரோ, தமிழ்ப் பெயரோ, முஸ்லிம் பெயரோ, எதுவானாலும் எழுதுங்கள். இன்னும் உயிரோடிருக்கும் முதிய பாஸ்மாரை ஒரு நாற்காலியில் அமர்த்தி, அவர்கள் சொல்லுவதைப் பதிவு செய்யுங்கள். தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் இருவரை அவர்களிடம் ஆறு மாதம் அனுப்புங்கள். நகத்தால் தடவி அறியும் அளவை எந்தக் கைந்நூலிலும் அச்சிட முடியாது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மட்டுமே அது போகும்.

"பழைய காரென்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆடம்பரம், அதற்கு ஏன் இத்தனை கண்ணீர்" என்று கேட்பவர்கள் உண்டு. லயத்தில் பிறந்த எனக்கு அந்தக் கேள்வி விளங்காததல்ல. ஆனால் விட்டுப்போனவன் விட்டுப்போனது இரும்பை மட்டுமே. அறுபதாண்டு அதனை ஓட வைத்த அறிவு நம்முடையது. இரும்பைப் போற்றி அறிவை மறப்பது, டோசனுக்குக் கோபுரம் கட்டிப் பாறை வெட்டியவனை மறந்ததையே மீண்டும் செய்வதாகும்.

போட்டியாளர்கள் இருவரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1968இல் இருவரும் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தனர். அபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் கார்களின் உற்பத்தி அடுத்த ஆண்டில் நின்றது. இன்று ட்ரையம்ப் கார் என்ற பெயர் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் பெட்டிக்குள் உறங்குகிறது. எம்.ஜி. சீனத்து நிறுவனத்தின் கையில் மின்சாரக் காராகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. செய்த தொழிற்சாலைகள் இல்லாமற் போன பின்னும் வண்டிகள் இங்கே ஓடுகின்றன என்பதை நண்பரின் மகனுக்குச் சொன்னேன்.

அவர் ட்ரையம்பையே எடுக்கப் போவதாகச் சொன்னார். "நல்லது. ஆனால் காருக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னர் பாஸ் ஒருவரைத் தேடிப்பிடி. அவர் எழுபது வயதுக்காரராயிருந்தால், கற்றுக்கொள்ளும் பொடியன் ஒருவனையும் சேர்த்துப் பிடி" என்றேன். மாவனல்லையில் அந்த நானாவின் மகன் இன்னும் கராஜை வைத்திருக்கிறார். முகவரியை எழுதிக் கொடுத்தேன்.